தரங்கம்பாடிக்கு வராத கப்பல்

முப்பதாண்டுப் போரை (1618–1648) ஐரோப்பியரின் சமயச் சண்டை என்றே நாம் படித்தோம். சமயப் பகையோடு ஆதிக்கப் போட்டியும் அதன் காரணமே. கத்தோலிக்கப் பிரான்சு, கத்தோலிக்கப் பேரரசரை எதிர்த்தே போரிட்டது. அதன் விளைவுகளுள் ஒன்று, நம் கீழப்பழுவூருக்கு நேர் கிழக்கே, தரங்கம்பாடிக் கடற்கரையில் தெரிந்தது.

1620இல் தஞ்சை இரகுநாத நாயக்கரிடம் அங்கே கோட்டை கட்டும் உரிமை பெற்றவர் டென்மார்க் அரசர் நான்காம் கிறிஸ்டியன். 1625இல் அவர் போரில் இறங்கி, மறு ஆண்டே லுட்டரில் தோற்றார். 1643இல் சுவீடனும் அவர் நாட்டின் மீது பாய்ந்தது. கருவூலம் வற்றியது. 1639க்குப் பின் 1668 வரை தாயகத்திலிருந்து ஒரு கப்பலும் புறப்படவில்லை. 1655 முதல் கோட்டையில் எஞ்சிய ஒரே டேனியர் எஸ்கில்ட், உள்ளூராரின் துணையோடு அதைக் காத்து நின்றார்.

வெஸ்ட்பாலிய உடன்படிக்கை 1648இல் போரை முடித்தது. தரங்கம்பாடிக்குக் கப்பல் வந்து சேர மேலும் 21 ஆண்டுகள் ஆயின.