மழைக்கு முதல் சொல்

தகாலொக் மொழியில் தூறல் என்றால் அம்போன், மழை உலான், புயல் பாக்யோ. அராவ் என்றால் சூரியன், நாளும் அதுதான். எங்கட 'பொழுது' மாதிரித்தானே! உலானுக்கு முன்னால் 'மா' சேர்த்தால் மாஉலான், மழையாக இருக்கு. ஹாங்கின் காற்று, மாஹாங்கின், காத்தாக இருக்கு. இந்த ஒரு அசையைப் பிடித்த பிள்ளை வானத்தைப் பார்த்துத் தானாகவே சொல் சொல்லும். சின்னப் பிள்ளைகளுக்கு இதைவிட லேசான பாடம் இல்லை என்று நினைக்கிறோம்.

ஆனால் இந்தச் சொற்கள் பிலிப்பைன்ஸ் பள்ளிக்கூடத்தில் பாடமாக நெடுங்காலம் எடுத்தது. 1901 இல் தோமஸ் என்ற கப்பலில் ஏறக்குறைய 500 அமெரிக்க ஆசிரியர்கள் வந்திறங்கினார்கள். அதே வருசம் 74 ஆம் இலக்கச் சட்டம் ஆங்கிலத்தைப் போதனாமொழியாக்கியது. அமெரிக்கப் பாலபாடங்களை வைத்து, ஸ்னோவைக் கண்ணால் காணாத பிள்ளைகள் ஸ்னோ என்று எழுத்துக்கூட்டினார்கள். கமிலோ ஒசியாஸ் பிறகு தன் வாசிப்பு நூல்களில் உள்ளூர்க் கதைகளைச் சேர்த்தார். மொழி என்னவோ ஆங்கிலமேதான்.

1937 இல் ஜனாதிபதி கேசோன் தகாலொக்கை அடிப்படையாக வைத்துத் தேசிய மொழியை அறிவித்தார். 1940 இல் அது பள்ளிகளுக்குள் வந்தது. நல்லது. ஆனால் தக்லோபான் நகரத்துப் பிள்ளை வீட்டில் பேசுவது வாராய் மொழி. அதற்குத் தகாலொக்கும் பள்ளிக்கூடத்துப் பாஷைதான். தலைநகரத்து மொழியை நாட்டுமொழி ஆக்கினால் எல்லாரும் வீட்டுமொழியில் படித்ததாக ஆகிவிடாது. இது எங்களுக்குப் புதுக்கதை இல்லை.

2013 நவம்பர் 8, ஹையான் புயல். எச்சரிக்கையில் 'ஸ்டோம் சேர்ஜ்' என்ற ஆங்கிலச் சொல் வந்தது. புயலோடு கடல் எழும்பி ஊருக்குள் வரும் என்பது அதன் பொருள். பலருக்கு அது விளங்கவில்லை. சுனாமி என்று சொல்லியிருந்தால் ஓடியிருப்போம் என்று தக்லோபானில் தப்பியவர்கள் பிறகு சொன்னார்கள். 6,000 பேருக்கு மேல் இறந்துபோனார்கள். தகாலொக்கில் பேரலைக்குத் தலுயோங் என்று ஒரு சொல் இருக்கிறது. எச்சரிக்கையின் முக்கியமான சொல் மட்டும் ஆங்கிலத்தில் நின்றது.

அந்த நேரம் சின்ன வகுப்புகளில் தாய்மொழிக் கல்வி நடைமுறைக்கு வரத் தொடங்கியிருந்தது. வாராயும் அதில் ஒன்று. 2024 இல் புதுச் சட்டம் அந்தக் கட்டாயத்தை எடுத்துவிட்டது. போதனாமொழி திரும்பவும் பிலிப்பினோவும் ஆங்கிலமும்.