சத்திரத்து மணியும் பிடி அரிசிப் பானையும்

மலருக்கு ஏதாவது எழுதித் தரும்படி சங்கச் செயலாளர் இரண்டு மாதமாகவே கேட்டுக்கொண்டிருந்தார். "நீங்க ஹிஸ்டரி படிச்சவர் சார், நம்ம பக்கத்து விஷயமா எழுதுங்க. ஆனா ராஜா, யுத்தம்னு எழுதிடாதீங்க, பசங்க பக்கத்தைத் திருப்பிடுவாங்க" என்று ஒரு எச்சரிக்கையும் கூடவே வந்தது. யுத்தம் இல்லாமல் எழுதலாம். ராஜா இல்லாமல் முடியாது. ஏனென்றால் நான் எழுதப் போவது சோற்றைப் பற்றி.

1972-இல், நாங்கள் இரண்டாம் ஆண்டு படிக்கும்போது, எங்கள் வரலாற்றுப் பேராசிரியர் வகுப்பையே டவுன் பஸ்ஸில் ஏற்றி ஒரத்தநாட்டுக்கு அழைத்துப் போனார். தஞ்சாவூரிலிருந்து பட்டுக்கோட்டை போகும் சாலையில் உள்ள ஊர். அங்கே முத்தாம்பாள் சத்திரம் இருக்கிறது. எங்களுக்கோ சத்திரத்தைவிட வெளியே விற்ற வறுகடலையில்தான் கவனம். "டேய், இந்தத் தூணையெல்லாம் அப்புறம் பாருங்கடா. முதல்ல ராத்திரி பன்னெண்டு மணிக்கு இங்க என்ன நடந்துச்சுன்னு கேளுங்க" என்றார். அவர் அன்று சொன்னதைப் பிற்பாடு நானும் படித்துச் சரிபார்த்துக்கொண்டேன்.

தஞ்சை மராட்டிய மன்னர் இரண்டாம் சரபோஜி (ஆட்சி 1798 - 1832) அன்பு வைத்திருந்த பெண் முத்தாம்பாள். அவள் இறக்கும் தறுவாயில், தன் பெயரால் ஒரு அன்னசத்திரம் வேண்டும் என்று கேட்டாளாம். அதன்படி 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்ததுதான் இது. ஊருக்கே முத்தாம்பாள்புரம் என்று ஒரு பெயர் உண்டு. இது முதல் சத்திரமும் அல்ல. நீடாமங்கலத்தில் யமுனாம்பாள் சத்திரம், கடலோரத்தில் இராஜாமடம் சத்திரம் என்று காவிரிக் கரையிலிருந்து இராமேசுவரம் போகும் வழியெல்லாம் சத்திரங்கள் இருந்தன. பெரும்பாலும் அரண்மனைப் பெண்களின் பெயரில் அமைந்தவை. நடந்து போகிற யாத்திரைக்காரனுக்கு அடுத்த வேளைச் சோறு எங்கே என்ற கவலை இருக்கக் கூடாது என்பதுதான் ஏற்பாடு.

1799-இல் செய்த உடன்படிக்கையால் நாட்டின் நிர்வாகம் கும்பினியார் கைக்குப் போய்விட்டது. சத்திரங்களும் போய்விடுமோ என்று மன்னருக்குக் கவலை. 1801-இல் ரெசிடெண்ட் டோரினுக்கு ஒரு நீண்ட கடிதம் எழுதினார். நம் மாணவர்கள் தேடிப் படிக்க வேண்டிய கடிதம் அது. பிராமணர் முதல் பறையர் வரை, வழிப்போக்கர், சாமியார், பரதேசி எல்லோருக்கும் சோறு உண்டு. சமைத்த சோறு வேண்டாதவர்களுக்கு அரிசியும் சாமான்களும் படியளக்கப்படும். நள்ளிரவு வரை சோறு போட்டு, பிறகு மணி அடிப்பார்கள். இன்னும் சாப்பிடாதவர்கள் இருந்தால் வந்து வாங்கிக்கொள்ளலாம் என்று கூவுவார்கள். வழியில் நோய் கண்டவருக்கு மருந்தும் பத்தியச் சாப்பாடும் தருவார்கள். கைக்குழந்தைகளுக்குப் பால் உண்டு. கர்ப்பிணி அங்கேயே பிரசவித்தால் செலவு சத்திரத்தைச் சேர்ந்தது. வழியில் பெற்றோரை இழந்த பிள்ளைகளை வாத்தியாரிடம் ஒப்படைத்து மூன்று வேளைச் சோறு போட்டுப் படிக்க வைப்பார்கள். நாலு நாளைக்கு ஒருமுறை எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டுவதுகூட எழுதியிருக்கிறது! ராஜ்யம் போனதைவிட இது போய்விடக் கூடாது என்ற பதைப்பு அந்தக் கடிதத்தில் தெரிகிறது.

இங்கே ஒன்று சொல்லிவிட வேண்டும். சோறு மன்னர் பெயரில் போடப்பட்டது. நெல் வந்தது சத்திரத்துக்கு விடப்பட்ட கிராமங்களிலிருந்து. அந்த வயல்களில் சேற்றில் நின்றவர்கள் பெயரை யாரும் கல்லில் வெட்டவில்லை.

என் தாத்தா அதிராம்பட்டினத்து உப்பை மாட்டு வண்டியில் தஞ்சாவூருக்கு ஏற்றிக்கொண்டு போனவர். ஒரத்தநாடு போய் வந்த மறுவாரம் ஊருக்குப் போனபோது, திண்ணையில் உட்கார்ந்திருந்த அவரிடம் சரபோஜி கடிதத்தை ரொம்பப் பெருமையாகச் சொன்னேன். கேட்டுவிட்டுச் சிரித்தார். "நானும் ஒரு சத்திரத்துல தின்னவன்தான்டா. நல்ல சோறு, குறை சொல்லப்படாது. ஆனா நாங்க கொல்லைப் பக்கம் நின்னு எங்க ஏனத்துல வாங்கிக்கணும். உள்ள இலை போட்டு உக்கார்றது வேற ஆளுங்க" என்றார். எந்தச் சத்திரம் என்று அவர் சொன்ன பெயரை நான் இங்கே எழுதவில்லை. அந்தக் காலத்தில் அது ஓரிடத்து வழக்கம் மட்டும் இல்லை. கடிதத்தில் எல்லோருக்கும் என்று எழுதிய சோறு, கொஞ்ச காலத்தில் உள்ளே ஒரு பந்தி, வெளியே ஒரு வரிசை என்று பிரிந்துவிட்டது. அன்று எனக்குத் தாத்தாமேல் கோபம்கூட வந்தது. புத்தகத்தில் படித்ததைக் கெடுத்துவிட்டாரே என்று.

பிறகு சத்திரங்களின் கதை வேறு திசையில் போயிற்று. 1861-இல் நாகப்பட்டினத்திலிருந்து தஞ்சாவூருக்கு ரயில் வந்தது. 1914-இல் பாம்பன் பாலம் திறந்தது. நடந்து போகிற யாத்திரைக்காரன் குறைந்தான். சத்திரத்துச் சொத்தின் வருமானம் பள்ளிக்கூடம், மாணவர் விடுதி என்று திரும்பியது. திருவையாற்றில் 1881-இல் தொடங்கிய சமஸ்கிருதக் கல்லூரியும் இந்த வழியில் வந்ததுதான்.

ஆனால் ஒரத்தநாடு, இராஜாமடம் விடுதிகளில் பிராமணப் பிள்ளைகளுக்கு மட்டுமே இடம் இருந்தது. 1924-இல் ஜில்லா போர்டு தலைவராக வந்த சர் ஏ.டி. பன்னீர்செல்வம் இதை விடவில்லை. மற்ற சாதிப் பிள்ளைகளும் தங்கிச் சாப்பிட்டுப் படிக்கக் கதவைத் திறந்துவிட்டார். திருவையாற்றுக் கல்லூரியில் தமிழும் படிக்கலாம் என்று ஆனது, அது அரசர் கல்லூரி ஆனது, எல்லாம் அவர் காலத்து வேலை. அதே வருஷங்களில்தான் சேரன்மாதேவி குருகுலத்தில் பிள்ளைகள் சேர்ந்து சாப்பிடுவதா, தனித்தனியாகவா என்று தமிழ்நாடே சண்டை போட்டுக்கொண்டிருந்தது. 1940-இல் பன்னீர்செல்வம் லண்டனுக்குப் போன விமானம் ஓமன் கடல் பக்கம் காணாமல் போயிற்று. அவருக்குச் சமாதிகூட இல்லை. நம் பக்கத்தில் முதல் தலைமுறையாகக் காலேஜ் வாசலை மிதித்த எத்தனையோ பேர், தெரிந்தோ தெரியாமலோ, அந்தக் கதவு வழியாக வந்தவர்கள்தான்.

நான் அந்த விடுதிகளில் தங்கியவன் இல்லை. நான் தின்றது பள்ளிக்கூடத்து மதியச் சோறு. 1956-இல் காமராஜர் ஆட்சியில் வந்த திட்டம். ஆரம்பத்தில் அரசு ஒரு பங்கு, ஊரார் ஒரு பங்கு என்று நடந்தது என்பதை இன்றைய மாணவர்கள் அறிந்திருக்க மாட்டார்கள். எங்கள் ஊரில் அந்த ஊரார் பங்கு பிடி அரிசியாக வந்தது. உலையில் போட அளந்த அரிசியிலிருந்து ஒரு பிடி எடுத்து அம்மா தனிப் பானையில் போடுவாள். வீட்டில் அரைப்படிதான் இருக்கிற நாளிலும் அந்தப் பிடி குறையாது. வெள்ளிக்கிழமை பெரிய வகுப்புப் பையன்கள் கோணிப்பையோடு தெருத்தெருவாக வருவார்கள். மேலத்தெரு அரிசியும் கீழத்தெரு அரிசியும் ஒரே கோணியில் விழும். சன்ன அரிசியும் குண்டரிசியும் கலந்து, சோறு பாதி குழைந்தும் பாதி விறைத்தும் இருக்கும். அந்த ருசி வேறு எங்கேயும் கிடைக்காது!

தலைமையாசிரியர் ஒரு காரியம் செய்தார். பேச்சு எதுவும் பேசவில்லை. சாப்பாட்டு மணி அடித்ததும் எல்லோரையும் உயரப்படி நிற்க வைத்து, அப்படியே உட்காரச் சொல்லிவிட்டார். எனக்குப் பக்கத்தில் வந்தவன் மேலத்தெருப் பையன். அவனுடைய ஆத்தா, கண்டவன் பக்கத்தில் உட்கார்ந்து தின்றால் வீட்டுக்குள் வராதே என்று சொல்லி அனுப்பியிருந்தாள். அவன் தினமும் வயிறார என் பக்கத்தில் உட்கார்ந்து தின்றுவிட்டு, வாயை நன்றாகக் கொப்பளித்து, மோர் வாசனை போகக் கொய்யா இலையை மென்றுகொண்டு வீட்டுக்குப் போவான். ஐந்தாம் வகுப்பு முடியும்வரை ஆத்தாவுக்குத் தெரியாது. தெரிந்தபோது எங்கள் இருவருக்கும் சேர்த்துத்தான் திட்டு விழுந்தது.

2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் அடித்தபோது நான் ரிட்டையர் ஆகி ஊரில் இருந்தேன். விடிந்து பார்த்தால் தென்னந்தோப்பு எல்லாம் படுத்துக் கிடந்தது. கரண்ட் இல்லை, போன் இல்லை, பல வீட்டுக்குக் கூரையும் இல்லை. மெழுகுவத்தி, பாய், பால் பவுடர் என்று வண்டியில் ஏற்றிக்கொண்டு நம் வகுப்பு நண்பர்கள் சிலர் வந்து சேர்ந்தார்கள். ஆனால் அதற்கு மூன்று நாள் முன்பே பள்ளிக்கூட வாசலில் பொது அடுப்பு மூட்டியாகிவிட்டது. அவரவர் வீட்டில் நனையாமல் மிஞ்சிய அரிசியைக் கொண்டுவந்து கொட்டினார்கள். விறகுக்குப் பஞ்சமில்லை, விழுந்த மரமே போதும். சாய்ந்த வாழையில் கிழியாத இலையைத் தேடி எடுப்பதுதான் பெரும்பாடு. கரண்டியைப் பிடித்து நின்றவன் அந்தக் கொய்யா இலைப் பையன்தான். அவனுக்கும் அப்போது அறுபத்தைந்து வயது.

முதல் நாள் ராத்திரி பந்தி முடிந்து அண்டாவில் கொஞ்சம் சோறு மிச்சம் இருந்தது. அவன் பேரனைக் கூப்பிட்டு டார்ச் லைட்டைக் கையில் கொடுத்தான். "மேலத்தெரு, கீழத்தெரு, காலனி, மூணையும் ஒரு சுத்து சுத்திட்டு வா. சாப்பிடாதவங்க யாராச்சும் இருக்கீங்களான்னு சத்தமாக் கேளு. படுத்திருந்தாலும் எழுப்பிக் கூட்டிட்டு வா."

பையன் இருட்டில் கத்திக்கொண்டே போனான். அரைமணி நேரம் கழித்து இரண்டு கிழவிகளைக் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு வந்தான். இலை தீர்ந்துபோயிருந்தது. தட்டு கழுவ நான் எழுந்தேன்.