நெய்யிடம் கேட்காத கேள்வி

2024 செப்டம்பரில் திண்டுக்கல் இந்தியா முழுக்கத் தெரிந்த ஊராகிவிட்டது. அதுவரை பூட்டு, பிரியாணி, மலைக்கோட்டை என்று மூன்று சொற்களில் எங்கள் ஊரை முடித்துவிடுவார்கள். அலுவலகத்தில் வட இந்திய நண்பர்களுக்கு அதுவும் தெரியாது. "மதுரைப் பக்கம்" என்றுதான் சொல்லி வந்தேன். அந்த வாரத்துக்குப் பிறகு விளக்கமே தேவைப்படவில்லை. "ஓ, அந்த நெய் ஊரா?" என்றார்கள்.

திருப்பதி லட்டுக்குப் போன நெய்யில் விலங்குக் கொழுப்பு கலந்திருந்ததாக ஆந்திர முதல்வர் சந்திரபாபு நாயுடு குற்றம்சாட்டியிருந்தார். நெய் அனுப்பியவர்களில் ஒன்று திண்டுக்கல்லின் ஏ.ஆர். டெய்ரி. நிறுவனம் மறுத்தது. குஜராத்தின் ஆனந்தில் இருக்கும் தேசியப் பால்வள வாரிய ஆய்வகம், நெய்யில் இருக்கவேண்டிய கொழுப்பு அமில விகிதம் பிசகியிருப்பதாகச் சொல்லி, எவையெல்லாம் கலந்திருக்கக்கூடும் என்று ஒரு பட்டியல் தந்தது. சோயா, சூரியகாந்தி என்று தொடங்கி மீன் எண்ணெய், மாட்டுக் கொழுப்பு, பன்றிக் கொழுப்பு வரை போன பட்டியல். மாட்டுக்குப் போட்ட தீவனத்தாலும் இந்தச் சோதனை தவறாகக் காட்டலாம் என்ற குறிப்பும் அதே அறிக்கையில் இருந்தது. வாட்ஸப்பில் சுற்றியது பட்டியலின் கடைசிப் பகுதி மட்டும்தான். சில நாட்களில் பழனி பஞ்சாமிர்தத்தைப் பற்றியும் வதந்தி கிளம்பி, அதைப் பேசிய திரைப்பட இயக்குநர் ஒருவர் கைதாகி, பழனிக்கு ஆவின் நெய்தான் போகிறது என்று அமைச்சர் விளக்கம் சொல்லவேண்டி வந்தது.

நான் இருந்த குழுக்களில் எல்லாம் ஒரே கேள்விதான்: அது எந்த மிருகத்தின் கொழுப்பு? சாப்பிட்டால் உடம்பை என்ன செய்யும் என்று ஒருவரும் கேட்கவில்லை. ஏன் இப்படி என்று தேடிப் படிக்க ஆரம்பித்தபோது, இந்தப் பழக்கத்துக்கு நூறு வயது தாண்டிவிட்டது என்று தெரிந்தது.

1917இல் கல்கத்தாவில் இதே கதை நடந்திருக்கிறது. கடைவீதி நெய்யில் விலங்குக் கொழுப்பு கலந்திருப்பதாகச் செய்தி பரவியதும், ஆயிரக்கணக்கான பிராமணர்கள் ஹூக்ளி ஆற்றங்கரையில் கூடிப் பிராயச்சித்தச் சடங்கு செய்தார்கள். மார்வாடி சமூகப் பஞ்சாயத்து தன் சொந்த வணிகர்களுக்கே அபராதம் போட்டுத் தள்ளிவைத்தது. ஆங்கில அரசும் அவசரமாகச் சட்டத் திருத்தத்தில் இறங்கியது. அடுத்த ஆண்டே, 1918இல், மதராஸ் மாகாணத்துக்கும் உணவுக் கலப்படத் தடைச் சட்டம் வந்தது. நம் கலப்படச் சட்டங்கள் பிறந்த காலத்தில் தெருவில் கேட்ட பெரிய குரல் நோயைப் பற்றியதல்ல, தீட்டைப் பற்றியது.

இதற்குள் இன்னொரு பொருள் கிளம்பி வந்துகொண்டிருந்தது. திரவ எண்ணெயில் நிக்கலின் உதவியோடு ஹைட்ரஜனை ஏற்றினால் அது நெய்போல உறையும். ஜெர்மானிய வேதியியலாளர் வில்ஹெல்ம் நார்மன் 1902இல் இதற்குக் காப்புரிமை வாங்கினார். 1930களில் பம்பாயில் தொழிற்சாலை வந்தது. 1937இல் டால்டா வந்தது. நம்மூரில் வனஸ்பதி என்ற சொல் ஒட்டவே இல்லை. எந்தக் கம்பெனி தயாரித்தாலும் டால்டாதான். காலி டின்னில் துளசிச் செடி வைக்காத வீடு எங்கள் தெருவில் குறைவு.

தாவர எண்ணெய் என்பதால் டால்டாவுக்குத் தீட்டு இல்லை. ஆனால் நெய்யோடு கலந்தால் கண்டுபிடிக்க முடியாது. நெய் என்று ஏமாற்றி விற்பதைக் கண்டித்துக் காந்தி 1946இல் 'ஹரிஜன்' இதழில் எழுதினார். வனஸ்பதியையே தடைசெய்யவேண்டும் என்று பண்டித தாக்கூர் தாஸ் பார்கவா நாடாளுமன்றத்தில் போராடினார். தடைக்குப் பதிலாக நிறம் சேர்த்துவிடலாமா என்றும் பார்த்தார்கள். அந்த நிறம் சூட்டில் மங்கக்கூடாது, வியாபாரி சுலபமாக நீக்கிவிடக்கூடாது, உடம்புக்கும் கெடுதல் செய்யக்கூடாது. அப்படி ஒரு நிறம் அமையவே இல்லை.

கடைசியில் கிடைத்த வழி எனக்கு மிகவும் பிடித்தது. வனஸ்பதி தயாரிக்கும்போதே குறைந்தது 5 சதவீதம் நல்லெண்ணெய் சேர்க்கவேண்டும் என்று விதி போட்டார்கள். சுவைக்காக இல்லை, துப்புக்காக! நல்லெண்ணெயோடு ஹைட்ரோகுளோரிக் அமிலமும் ஃபர்ஃபுராலும் சேர்ந்தால் ரோஜாச் சிவப்பு வரும். பொடோயின் சோதனை என்று பெயர். நெய்யில் இந்தச் சிவப்பு வந்தால் டால்டா கலந்திருக்கிறது என்று பொருள். கோடு எழுதுகிறவர்கள் பின்னால் பிழை தேடுவதற்காக உள்ளேயே ஓர் அடையாளத்தை வைத்துவிடுவோம் இல்லையா, கிட்டத்தட்ட அதே வேலைதான்.

அருமையான ஏற்பாடு. ஆனால் அது காப்பாற்றியது நெய்யின் பெயரை. டால்டா என்று எழுதியே விற்கப்பட்ட டால்டாவை அந்தச் சிவப்பு ஒன்றும் செய்யாது. 1983இல் வனஸ்பதியில் இறக்குமதி செய்த மாட்டுக் கொழுப்பு கலந்தது தெரிந்து நாடாளுமன்றம் அமளியானது, இறக்குமதிக்குத் தடை வந்தது. அப்போதும் கேள்வி 'எது கலந்தது' என்பதுதான். எதுவும் கலக்காத வனஸ்பதி பற்றி எந்தச் சந்தேகமும் இல்லை.

ஆபத்து அங்கேதான் இருந்தது. ஹைட்ரஜனை அரைகுறையாக ஏற்றும்போது, வளைந்திருக்கவேண்டிய கொழுப்பு அமிலச் சங்கிலிகளில் ஒரு பகுதி நேராகிவிடும். அதுதான் டிரான்ஸ் கொழுப்பு. அது கெட்ட கொலஸ்ட்ராலைக் கூட்டி நல்லதைக் குறைக்கிறது என்று 1990இல் டச்சு ஆய்வாளர்கள் காட்டினார்கள். டென்மார்க் 2003இல் 2 சதவீத வரம்பு வைத்தது. 2009இல் டெல்லியின் அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் நம் வனஸ்பதிகளைச் சோதித்தபோது அந்த வரம்பைப்போல 5 முதல் 12 மடங்கு வரை இருந்தது. அது கலப்படம் அல்ல. சட்டப்படி தயாரித்து, சீல் வைத்து, ரசீது போட்டு விற்றது. பரோட்டாவிலும் பப்ஸிலும் கல்யாண வீட்டு ஸ்வீட்டிலும் நாம் எல்லோரும் தின்றது. டிரான்ஸ் கொழுப்பால் உலகில் ஆண்டுக்கு 5 லட்சம் பேர் இதய நோயில் இறக்கிறார்கள் என்பது 2018இல் உலக சுகாதார நிறுவனம் சொன்ன மதிப்பீடு. இந்தியாவில் 2021 ஜனவரியில் வரம்பு 3 சதவீதமானது, 2022 ஜனவரியில் 2. டால்டா வந்து 85 வருஷம் கழித்து. அதற்கு ஒரு மீம்கூட என் கண்ணில் படவில்லை.

லட்டு வாங்கிய பக்தரின் கோபத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை. எதைச் சாப்பிடுகிறோம் என்று தெரிந்துகொள்வது உரிமை; நம்பிக்கையோடு வாங்கிய பொருளில் ஏமாற்றுவது குற்றம். 2024 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தனிப் புலனாய்வுக் குழு அமைத்தது. 2025 பிப்ரவரியில் உத்தராகண்ட், ஆந்திர, திண்டுக்கல் பால் நிறுவனங்களைச் சேர்ந்த நால்வர் கைதானார்கள். பிறகு அந்தக் குழு நீதிமன்றத்தில் வைத்த குற்றச்சாட்டில் அதிகம் அடிபட்டது பாமாயிலும் நிறமும் மணமும் தரும் ரசாயனங்களும்தான். தீர்ப்பை நீதிமன்றம் சொல்லட்டும்.

எனக்கு உறுத்துவது விலை. திண்டுக்கல் நெய்க்குப் பேசிய விலை கிலோ சுமார் 320 ரூபாய். பசும்பாலில் கொழுப்பு 4 சதவீதம் என்று வைத்தால் ஒரு கிலோ நெய்க்கு ஏறக்குறைய 25 லிட்டர் பால் வேண்டும். வெண்ணெய் எடுத்த பாலையும் விற்கலாம்தான். ஆனாலும் ஒட்டன்சத்திரம் பக்கம் ரெண்டு மாடு வச்சிருக்கிற எந்த அக்காவிடம் கேட்டாலும், "அது எப்படிப்பா கட்டும்?" என்றுதான் கேட்பார். கணக்கு டெண்டர் திறந்த அன்றே கண்ணுக்கு முன்னால் இருந்தது. அதைக் கேட்க ஆய்வகம்கூட வேண்டாம்.

எந்த மிருகம் என்று கேட்க நமக்கு ஒரு நொடி போதும். இந்த விலைக்கு இது எப்படி வருகிறது, உள்ளே போய் என்ன செய்யும் என்ற இரண்டும் கொஞ்சம் சலிப்பான கேள்விகள். அவற்றுக்கு ஆற்றங்கரையில் பிராயச்சித்தம் கிடையாது, பாக்கெட்டைத் திருப்பிப் பின்பக்கத்துச் சின்ன எழுத்தைப் படிக்கத்தான் வேண்டும்.