ஜான் லெனானை நாடுகடத்த விடாத வக்கீல்... யார் இந்த லியோன் வைல்ட்ஸ்?

அமெரிக்கக் குடியேற்றம் பற்றிய செய்திகளில் அடிக்கடி அடிபடும் வார்த்தை 'டாகா'. சின்ன வயசிலேயே அமெரிக்காவுக்குக் கொண்டுவரப்பட்டு, உரிய ஆவணங்கள் இல்லாமல் அங்கேயே வளர்ந்தவர்களை இப்போதைக்கு நாடுகடத்துவதில்லை என்பதுதான் அந்தத் திட்டம். 2012-ல் ஒபாமா அரசு கொண்டுவந்தது.

இதோட வேரைத் தேடிப் போனால், அதற்கும் 40 வருஷத்துக்கு முந்தைய ஒரு வழக்கில் போய் நிற்கும். கட்சிக்காரர், உலகப் புகழ்பெற்ற 'பீட்டில்ஸ்' பாடகர் ஜான் லெனான். வக்கீல், லியோன் வைல்ட்ஸ்.

யார் இவர்?

1933-ல் பென்சில்வேனியா மாநிலத்தின் ஒலிஃபன்ட் என்ற சின்ன ஊரில், யூதக் குடும்பத்தில் பிறந்தவர். நியூயார்க் பல்கலைக்கழகத்தில் சட்டம் படித்தார். யூத அகதிகளுக்கு உதவும் அமைப்பில் வேலை பார்த்தபோது குடியேற்றச் சட்டத்தில் ஈடுபாடு வந்தது. 1960-ல் 'வைல்ட்ஸ் அண்ட் வெயின்பெர்க்' என்ற சட்ட நிறுவனத்தைத் தொடங்கினார். பிறகு அமெரிக்கக் குடியேற்ற வழக்கறிஞர்கள் சங்கத்தின் தலைவராகவும் இருந்தார்.

1972 ஜனவரியில், கூடப் படித்த நண்பர் மூலமாக லெனானும் மனைவி யோகோ ஓனோவும் அவரிடம் வந்தார்கள். பாப் இசை பக்கமே போகாத வைல்ட்ஸுக்கு அவர்கள் யாரென்றே தெரியவில்லை. வீட்டுக்குப் போய் மனைவியிடம் பெயரை மாற்றிச் சொல்ல, அவர்தான் யாரென்று புரியவைத்தார். இதை வைல்ட்ஸே பலமுறை சொல்லிச் சிரித்திருக்கிறார்.

லெனானுக்கு என்ன சிக்கல்?

யோகோவின் முந்தைய திருமணத்தில் பிறந்த மகளைத் தேடித்தான் இருவரும் 1971-ல் அமெரிக்கா வந்தார்கள். விசா காலம் 1972 பிப்ரவரி 29-ல் முடிந்தது. அடுத்த மாதமே நாடுகடத்தும் நடவடிக்கை தொடங்கிவிட்டது.

அரசு சொன்ன காரணம், 1968-ல் லண்டனில் கஞ்சா பிசின் வைத்திருந்ததாக லெனான் மீது பதிவான வழக்கு. அதில் அவர் குற்றத்தை ஒப்புக்கொண்டு 150 பவுண்டு அபராதம் கட்டியிருந்தார். அப்படிப்பட்டவருக்கு கிரீன் கார்டு தர முடியாது என்றது குடியேற்றத் துறை.

ஆனா உள்ளே வேறொரு கணக்கு ஓடியது. வியட்நாம் போரை எதிர்த்து லெனான் வெளிப்படையாகப் பேசிக்கொண்டிருந்தார். 18 வயசிலேயே ஓட்டுரிமை வந்த பிறகு நடக்கவிருந்த முதல் அதிபர் தேர்தல் 1972-ல்தான். இளைஞர்கள் நிக்சனுக்கு எதிராகத் திரும்பிவிடுவார்களோ என்ற பயம். லெனானை வெளியேற்றுவது நல்லது என்ற யோசனையோடு, செனட்டர் ஸ்ட்ராம் தர்மண்ட் அந்த வருஷம் பிப்ரவரியிலேயே அரசுக்குக் குறிப்பு அனுப்பியிருந்தார். இது பிற்பாடுதான் வெளியே வந்தது.

வைல்ட்ஸ் என்ன செய்தார்?

இரண்டு முனையில் சண்டை போட்டார்.

ஒன்று, சட்டப் பாயிண்ட். லெனானைத் தண்டித்த பிரிட்டிஷ் சட்டப்படி, கையில் இருப்பது போதைப்பொருள் என்று தெரியாமல் வைத்திருந்தாலும் குற்றம்தான். அப்படி ஒரு தண்டனையைக் காட்டி அமெரிக்காவில் ஒருவரை வெளியேற்ற முடியாது என்று வாதாடினார்.

இன்னொன்று, துறைக்குள்ளேயே ஒளிந்திருந்த ஒரு வழக்கம். மனிதாபிமானக் காரணம் இருந்தால், சிலருடைய கோப்பை 'நான்-பிரையாரிட்டி', அதாவது அவசரமில்லாத வழக்கு என்று குறித்து, நாடுகடத்தாமல் விட்டுவிடுவார்கள். இப்படி ஒன்று இருப்பதே வெளியில் தெரியாது. துறை வெளியிட்ட விதிகளில் இது கிடையாது. விண்ணப்பப் படிவமும் கிடையாது.

நம்ம ஊர் ஆர்டிஐ மாதிரி அங்கே இருக்கும் தகவல் சுதந்திரச் சட்டத்தின் கீழ் இதைப் பற்றிய ஆவணங்களைக் கேட்டார் வைல்ட்ஸ். துறை இழுத்தடித்தது. அவர் கோர்ட்டுக்குப் போனார். கடைசியில் 1,800-க்கும் மேற்பட்ட வழக்குகளின் விவரம் கைக்கு வந்தது. லெனானைவிடப் பெரிய குற்றத்தில் தண்டனை பெற்றவர்களுக்கும் சலுகை கிடைத்திருந்தது தெரியவந்தது.

வழக்கு எப்படி முடிந்தது?

1973 மார்ச்சில் குடியேற்ற நீதிபதி, லெனான் 60 நாளில் வெளியேற வேண்டும் என்றார். யோகோவுக்கு மட்டும் நிரந்தர வசிப்புரிமை கிடைத்தது. 1974-ல் மேல்முறையீட்டு வாரியத்திலும் தோல்வி. ஒவ்வொரு மேல்முறையீட்டிலும் வைல்ட்ஸுக்குக் கிடைத்தது கால அவகாசம். அதற்குள் வாட்டர்கேட் ஊழலில் சிக்கி நிக்சனே பதவி விலகிவிட்டார்.

1975 அக்டோபர் 7-ல், நியூயார்க்கில் உள்ள கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் 2-1 என்ற கணக்கில் நாடுகடத்தும் உத்தரவை ரத்து செய்தது. அந்தப் பிரிட்டிஷ் தண்டனை செல்லாது என்ற வாதம் ஜெயித்தது. ரகசிய அரசியல் காரணத்துக்காக ஆளைப் பொறுக்கி நாடுகடத்துவதை ஏற்க முடியாது என்றும் நீதிமன்றம் சொன்னது. இரண்டு நாள் கழித்து, லெனானின் பிறந்தநாளிலேயே மகன் ஷான் பிறந்தான். 1976 ஜூலை 27-ல் லெனான் கையில் கிரீன் கார்டு.

சரி, இது எப்படி டாகாவுக்கு வழி?

லெனானுக்கு கிரீன் கார்டு வாங்கிக் கொடுத்ததோடு வைல்ட்ஸ் நிற்கவில்லை. கிடைத்த விவரங்களை அலசி, 1976-ல் சட்ட இதழில் கட்டுரையாக வெளியிட்டார். யாருக்கு, எந்தக் காரணத்துக்குச் சலுகை கிடைத்தது என்பதை மற்ற வக்கீல்களும் தெரிந்துகொண்டார்கள். முதியோர், நோயாளிகள், பிரிந்துபோகும் நிலையில் இருந்த குடும்பங்கள் என வசதியில்லாதவர்களுக்காகவும் அதைக் கேட்க வழி பிறந்தது. இந்தச் சலுகைக்குப் பின்னாளில் வந்த பெயர் 'டிஃபர்டு ஆக்‌ஷன்', அதாவது நடவடிக்கையைத் தள்ளிப்போடுவது. டாகாவின் சட்ட அடிப்படை இதுதான்.

ஆனா ஒன்று கவனிக்கணும். இது உரிமை இல்லை, அரசு தரும் சலுகை மட்டுமே. கிரீன் கார்டும் கிடைக்காது, குடியுரிமையும் கிடைக்காது. அரசு மாறினால் சலுகையும் ஆட்டம் காணும். டாகா தொடர்ந்து வழக்குகளில் சிக்குவது அதனால்தான்.

வைல்ட்ஸ் பல ஆண்டுகள் கார்டோசோ சட்டக் கல்லூரியில் குடியேற்றச் சட்டம் கற்பித்தார். லெனான் வழக்கு பற்றி 2016-ல் புத்தகம் எழுதினார். 2024 ஜனவரியில் 90 வயதில் காலமானார். அவருடைய மகன் மைக்கேல் வைல்ட்ஸும் குடியேற்ற வக்கீல்தான். மெலனியா டிரம்ப்பின் பெற்றோர் 2018-ல் அமெரிக்கக் குடியுரிமை பெற்றபோது அவர்களுக்காக ஆஜரானவர் இவரே.