ஆசிட் ஸ்லரி வந்த வழி

சலவைத்தூளில் அழுக்கைப் பிரிப்பது பெரும்பாலும் லீனியர் அல்கைல் பென்சீன் சல்போனேட். எண்ணெயை நாடும் நீண்ட கரிமச் சங்கிலி ஒரு முனை, நீரை நாடும் சல்போனேட் மறுமுனை. பிசுக்கு துணியை விட்டு நீரோடு போவது இதனால்தான்.

முதல் உலகப்போரில் ஜெர்மனியில் கொழுப்புக்குத் தட்டுப்பாடு வந்தபோதே சோப்புக்கு மாற்றுத் தேடல் தொடங்கியது. இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு பெட்ரோலியத்திலிருந்து மலிவான சலவைப் பொருள் கிடைத்தது. உப்புத்தண்ணீரில் சோப்பு திரிந்து துணியில் படியும். புதிய தூளுக்கு அந்தக் குறை மிகக் குறைவு. 1950களில் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் அது வீடுதோறும் புகுந்தது.

ஆனால் புரொப்பிலீனைக் கோத்துச் செய்த அதன் சங்கிலி கிளை கிளையாக இருந்தது. பாக்டீரியாக்கள் சங்கிலியை நுனியிலிருந்து கொறித்துக்கொண்டே வரும். கிளை குறுக்கிட்டால் வேலை தடைபடும். சுத்திகரிப்பு நிலையத்தைத் தாண்டியும் நுரை அடங்கவில்லை. ஆறுகளின் மேல் வெள்ளைத் திட்டுகள் மிதந்தன; சில ஊர்களில் குழாய்த் தண்ணீரே நுரைத்தது. இதைத் தடுக்க மேற்கு ஜெர்மனி 1961இல் சட்டம் இயற்றி 1964இல் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. 1965க்குள் அமெரிக்க உற்பத்தியாளர்களும் கிளையில்லாத நேர்ச்சங்கிலிக்கு மாறினர். மண்ணெண்ணெயிலிருந்து கிளையற்ற பாரஃபினைப் பிரித்தெடுக்கும் நுட்பம் அதற்குக் கைகொடுத்தது. சுற்றுச்சூழலுக்காக ஒரு மூலக்கூறின் வடிவத்தையே தொழில்துறை மாற்றியது பெரிய செயல். அதற்குரிய கவனம் இன்னும் கிடைக்கவில்லை.

சென்னை மணலியில் தமிழ்நாடு பெட்ரோபுராடக்ட்ஸ் ஆலை 1980களிலிருந்து இந்தச் சலவைப் பொருளின் மூலப்பொருளான லீனியர் அல்கைல் பென்சீனைத் தயாரிக்கிறது. இதைக் கந்தக டிரைஆக்சைடுடன் வினைப்படுத்தினால் வருவதுதான் சந்தையில் கேனில் விற்கும் ‘ஆசிட் ஸ்லரி’: வெல்லப்பாகு போலக் கெட்டியான பழுப்புத் திரவம், கடும் அமிலம். குடிசைத்தொழிலாக சலவைத்தூள் செய்வோர் சோடா உப்பில் இதைச் சிறிது சிறிதாக ஊற்றிக் கிளறுவார்கள். கலவை சூடேறி, கரியமில வாயு பொங்கிக் கிளம்பும். தோலில் பட்டால் புண்ணாகும், கண்ணில் தெறித்தால் பார்வைக்கே ஆபத்து. கையுறையும் கண்ணாடியும் இல்லாமல் இந்த வேலையில் இறங்கக் கூடாது.

நடுநிலையான பிறகு அமிலத்தன்மை போய்விடும். இருந்தாலும் தோலின் எண்ணெய்ப்பசையை உரிக்கும். நாளெல்லாம் துவைப்போரின் கை வறண்டு வெடிக்கும்.

நேர்ச்சங்கிலி சிதைவதற்கும் ஆக்சிஜன் வேண்டும். காற்றுப்புகாத சாக்கடைச் சேற்றில் அது நெடுநாள் தங்கும்; சிதையும் வரை மீன்களுக்கு நஞ்சு. பெங்களூரு பெள்ளந்தூர் ஏரியில் பொங்கிச் சாலைவரை வந்த நுரையில், சுத்திகரிக்காத கழிவுநீரோடு சேர்ந்த சலவைப் பொருளுக்கும் பெரும்பங்கு உண்டு.