தோல் மூப்படைதல்

தோல் மூப்படைதல் என்பது வயது ஏறுவதாலும் புறச்சூழலின் தாக்கத்தாலும் தோலின் அமைப்பிலும் செயற்பாட்டிலும் படிப்படியாக ஏற்படும் மாற்றங்களைக் குறிக்கும். தோல் மெலிதல், வறட்சி, சுருக்கம், தொய்வு, கரும்புள்ளிகள், காயம் ஆறுவதில் தாமதம் ஆகியவை இதன் அறிகுறிகளாகும். இவை அனைத்துக்கும் முதுமையே காரணம் என்று பரவலாகக் கருதப்படுகிறது. ஆயினும் முகம், கழுத்து, கைகள் ஆகியவற்றில் காணப்படும் மாற்றங்களில் பெரும்பகுதி சூரிய ஒளியால் விளைவதாகும். வயது ஏறுவதைத் தடுக்க இயலாது. தோலின் மீது வெயில் படுவதைக் குறைக்க இயலும். எனவே தோல் மூப்பின் ஒரு பகுதியைத் தள்ளிப்போட முடியும்.

தோலின் அமைப்பு

தோல், மேல்தோல், உட்தோல் என்னும் இரண்டு முதன்மை அடுக்குகளால் ஆனது. இவற்றுக்குக் கீழே கொழுப்புத் திசு அமைந்துள்ளது. மேல்தோலின் அடிப்பகுதியில் தோன்றும் உயிரணுக்கள் மேல்நோக்கி நகர்ந்து, இறந்து, செதில்களாக உதிர்கின்றன. மெலனின் என்னும் நிறமியை உருவாக்கும் உயிரணுக்களும் மேல்தோலிலேயே உள்ளன.

உட்தோலின் பெரும்பகுதி கொலாஜன் என்னும் புரதத்தால் ஆனது. இது தோலுக்கு உறுதியைத் தருகிறது. எலாஸ்டின் என்னும் மற்றொரு புரதம், இழுத்து விட்டால் தோல் பழைய நிலைக்குத் திரும்பும் தன்மையைத் தருகிறது. இவ்விரண்டையும் உருவாக்குபவை ஃபைப்ரோபிளாஸ்ட் எனப்படும் உயிரணுக்கள் ஆகும். சுருக்கம் மேற்பரப்பில் தெரிந்தாலும் அதன் தோற்றுவாய் பெரும்பாலும் உட்தோலிலேயே உள்ளது.

மூப்பின் வகைகள்

தோல் மூப்பு, அகமூப்பு, புறமூப்பு என இரண்டாகப் பிரிக்கப்படுகிறது. வயதான ஒருவரின் மேற்கையின் உட்புறத்தையும் முன்கையின் வெளிப்புறத்தையும் ஒப்பிட்டால் இவ்வேறுபாடு விளங்கும். இரண்டும் ஒரே வயதுடைய தோல். உட்புறத் தோல் மெலிந்தும் வறண்டும் இருந்தாலும் ஓரளவு மிருதுவாகவும் சீரான நிறத்துடனும் இருக்கும். வெயில் பட்ட வெளிப்புறத் தோல் தடித்தும் சுருங்கியும் புள்ளிகளுடனும் காணப்படும்.

அகமூப்பு

மரபணு, இயக்குநீர் மாற்றம், காலம் ஆகியவற்றால் நிகழ்வது அகமூப்பு. ஆய்வகத்தில் வளர்க்கப்படும் மனித ஃபைப்ரோபிளாஸ்டுகள் ஏறத்தாழ 50 முறை பிரிந்த பின் பிரிவதை நிறுத்திவிடுவதை லெனார்டு ஹேஃபிளிக், பால் மூர்ஹெட் ஆகியோர் 1961ஆம் ஆண்டு வெளியிட்டனர். வயது ஏறுகையில் உட்தோலில் கொலாஜன் உருவாவது குறைகிறது. பெண்களுக்கு மாதவிடாய் நின்ற பின் ஈஸ்ட்ரோஜன் குறைவதால் இவ்விழப்பு சில ஆண்டுகளுக்கு விரைவுபடுகிறது.

ஒளிமூப்பு

புறமூப்பின் தலையாய காரணி சூரிய ஒளியிலுள்ள புற ஊதாக் கதிர்கள் ஆகும். இதனால் ஏற்படும் மூப்பு ஒளிமூப்பு எனப்படுகிறது. புவியை வந்தடையும் புற ஊதாக் கதிர்கள் இருவகைப்படும்.

புற ஊதா ஏ: அலைநீளம் 320 முதல் 400 நானோமீட்டர் வரை. புவியை அடையும் புற ஊதாக் கதிர்களில் ஏறத்தாழ 95 விழுக்காடு இதுவே. உட்தோல் வரை ஊடுருவும். சாதாரணக் கண்ணாடி வழியாகவும் பெருமளவு செல்லும்.

புற ஊதா பி: அலைநீளம் 280 முதல் 320 நானோமீட்டர் வரை. பெரும்பாலும் மேல்தோலிலேயே உறிஞ்சப்படும். வெயிற்புண்ணை உண்டாக்கும். கண்ணாடி இதைப் பெரிதும் தடுத்துவிடும்.

இக்கதிர்கள் உயிரணுக்களின் மரபுப் பொருளைச் சிதைப்பதுடன், கொலாஜனை வெட்டும் நொதிகள் தோலில் பெருகவும் காரணமாகின்றன. வெயிற்புண் ஏற்படாத சிறிய அளவிலான புற ஊதாக் கதிர்கூட இந்நொதிகளைத் தூண்டுகிறது என்பதை அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1996இல் காட்டினர். வெட்டுப்பட்ட கொலாஜனை உடல் சீர்செய்கிறது. ஆனால் முழுமையாகச் சீர்செய்வதில்லை. ஒவ்வொரு முறையும் எஞ்சும் சிறு குறைகள் பல்லாண்டுகளில் சேர்ந்து சுருக்கமாகத் தெரிகின்றன.

வெயிலில் உழைப்போரின் தோல் விரைவில் மூப்படைவதை 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே மருத்துவர்கள் கண்டறிந்திருந்தனர். செருமானிய மருத்துவர் பால் உன்னா கடலோடிகளின் தோலில் இதை விவரித்தார். 2012இல் ஓர் அமெரிக்க மருத்துவ இதழ், 28 ஆண்டுகள் சரக்கு வண்டி ஓட்டிய 69 வயது மனிதர் ஒருவரின் ஒளிப்படத்தை வெளியிட்டது. அமெரிக்காவில் ஓட்டுநர் இருக்கை வண்டியின் இடப்புறம் உள்ளது. சன்னல் கண்ணாடி வழியே வந்த வெயில் பட்டு, அவர் முகத்தின் இடப்பாதி மட்டும் தடித்து, ஆழமாகச் சுருங்கியிருந்தது.

கருநிறத் தோல்

மெலனின் புற ஊதாக் கதிர்களை உறிஞ்சுவதால் கருநிறத் தோலில் சுருக்கங்கள் வெண்ணிறத் தோலைவிடத் தாமதமாகத் தோன்றுகின்றன. தென்னாசியர் உள்ளிட்டோரின் தோலில் ஒளிமூப்பு பெரும்பாலும் சீரற்ற நிறமாகவும், மங்கு போன்ற கருந்திட்டுகளாகவும் முதலில் வெளிப்படுகிறது. இத்தகைய தோலில் கண்ணுக்குப் புலனாகும் ஒளியும் நிறமியைத் தூண்டவல்லது.

பிற காரணிகள்

புகைபிடித்தல் தோலுக்குச் செல்லும் குருதியோட்டத்தைக் குறைத்து, கொலாஜனைச் சிதைக்கும் நொதிகளைக் கூட்டுகிறது. குருதியில் மிகும் சர்க்கரை கொலாஜன் இழைகளுடன் பிணைந்து அவற்றை விறைப்பாக்குகிறது. காற்று மாசும் ஒரு காரணியாகும்.

தள்ளிப்போடும் வழிகள்

வெயில் தடுப்பு

நண்பகலை ஒட்டிய நேரத்தில் வெயிலைத் தவிர்த்தல், குடை, அகன்ற விளிம்புத் தொப்பி, நெருக்கமாக நெய்த முழுக்கை உடை ஆகியவை எளிய வழிகள். உடை மறைக்காத இடங்களில் சன்ஸ்கிரீன் பூசப்படுகிறது. எஸ்.பி.எஃப். எண் முதன்மையாகப் புற ஊதா பி கதிருக்கு எதிரான காப்பைக் குறிக்கும். எஸ்.பி.எஃப். 15 ஏறத்தாழ 93 விழுக்காட்டையும் 30 ஏறத்தாழ 97 விழுக்காட்டையும் தடுக்கும். இவ்வளவுகள் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 2 மில்லிகிராம் பூசும்போது மட்டுமே பொருந்தும். பெரும்பாலோர் இதைவிடக் குறைவாகவே பூசுகின்றனர். புற ஊதா ஏ கதிரையும் தடுக்கும் வகையைத் தேர்ந்தெடுப்பது இன்றியமையாதது. கருந்திட்டு உள்ளவர்களுக்கு இரும்பு ஆக்சைடு கலந்த, நிறமுள்ள வகை கூடுதல் பயன் தரும்.

இதன் பயனை ஆத்திரேலியாவின் குயின்சுலாந்து மாநிலத்திலுள்ள நாம்பூர் நகரில் நடைபெற்ற ஆய்வு அளந்து காட்டியது. 55 வயதுக்குட்பட்ட 903 பேர், நாள்தோறும் சன்ஸ்கிரீன் பூசுவோர், விரும்பியபோது பூசுவோர் எனக் குலுக்கல் முறையில் பிரிக்கப்பட்டனர். புறங்கைத் தோலின் அச்சு எடுத்து 4½ ஆண்டுகளில் ஏற்பட்ட மாற்றம் ஒப்பிடப்பட்டது. நாள்தோறும் பூசியவர்களிடம் தோல் மூப்பு 24 விழுக்காடு குறைவாக இருந்தது. அதே ஆய்வில் பீட்டா கரோட்டின் மாத்திரையால் ஒட்டுமொத்தப் பயன் ஏதும் காணப்படவில்லை. முடிவுகள் 2013இல் வெளியாயின.

டிரெட்டினோயின்

வைட்டமின் ஏ வகையைச் சேர்ந்த இம்மருந்து முதலில் முகப்பருவுக்குப் பயன்பட்டது. ஒளிமூப்படைந்த தோலை இது ஓரளவு சீர்செய்வதை ஆல்பர்ட் கிளிக்மனும் பிறரும் 1986இல் வெளியிட்டனர். கொலாஜனை வெட்டும் நொதிகளைக் கட்டுப்படுத்தி, புதிய கொலாஜன் உருவாவதை இது தூண்டுகிறது. பயன் தெரியப் பல மாதங்கள் ஆகும். தொடக்கத்தில் எரிச்சலும் உரிதலும் ஏற்படலாம். கருவுற்ற பெண்கள் இதைத் தவிர்க்க வேண்டும். மருத்துவர் அறிவுரையுடனேயே பயன்படுத்தத் தக்கது.

ஈரப்பசை

ஈரப்பசைப் பூச்சுகள் வறட்சியைப் போக்கி, நுண்ணிய கோடுகளைத் தற்காலிகமாக மறைக்கின்றன. கொலாஜன் இழப்பை இவை ஈடுசெய்வதில்லை.

தவறான நம்பிக்கைகளும் தீங்குகளும்

கொலாஜன் கலந்த பூச்சுகள் தோலின் கொலாஜனை நிரப்பும் என்பது தவறு. அம்மூலக்கூறு மிகப் பெரியதாதலால் மேல்தோலைக் கடந்து உட்தோலை அடைவதில்லை.

கரும்புள்ளிகளைப் போக்கவும் நிறம் கூட்டவும் விற்கப்படும் சில பூச்சுகளில் வீரியமிக்க ஸ்டீராய்டு அல்லது பாதரசம் கலந்திருக்கும். ஸ்டீராய்டு தொடக்கத்தில் தோலைப் பொலிவாகக் காட்டும். தொடர்ந்து பூசினால் தோல் மெலிந்து, குருதி நுண்குழாய்கள் வெளித்தெரியும். நிறுத்தினால் சிவந்து எரியும். பாதரசம் சிறுநீரகத்தையும் நரம்பு மண்டலத்தையும் பாதிக்கும். மூப்பை மறைக்கப் பூசும் இத்தகைய பூச்சுகள் மூப்படைந்த தோலின் மெலிவையே இளம் வயதில் வரவழைக்கின்றன.

புதிதாகத் தோன்றி வளரும், நிறமோ வடிவமோ மாறும், அல்லது ஆறாத புள்ளியை மூப்பின் அடையாளம் எனக் கருதி விட்டுவிடாமல் தோல் மருத்துவரிடம் காட்ட வேண்டும். அது தோல் புற்றுநோயின் அறிகுறியாகவும் இருக்கக்கூடும்.