பட்டணத்துத் தோணியும் கொங்கு வழியும்

கொங்கு நாட்டில் ஆயிரம் ஆண்டுப் பழமையுள்ள படகைத் தேடுவது வீண் வேலை. பவானியிலும் காவிரியிலும் ஆளையும் மூட்டையையும் அக்கரை சேர்த்தது பரிசல். மூங்கில் பிளாச்சால் பின்னி, அன்று தோலும் இன்று தார் பூசிய பிளாஸ்டிக் சாக்கும் போர்த்திய அந்த வட்டக் கலம் சில பருவங்களில் நைந்துவிடும். பிறகு புதிதாகப் பின்னிக்கொள்ள வேண்டியதுதான். மரத்தில் குடைந்த தோணியைப் பார்க்க வேண்டுமென்றால், கொங்குச் சரக்கு மேற்குக் கடலைத் தொட்ட இடத்துக்குப் போக வேண்டும்.

அந்த இடம் கேரளத்தின் எர்ணாகுளம் மாவட்டத்தில், வடக்குப் பறவூர் அருகே உள்ள பட்டணம். சங்ககால முசிறியோடு ஆய்வாளர் பலர் இணைத்துப் பேசும் ஊர். 2007-இல் கேரள வரலாற்று ஆய்வுக் கழகம் பி.ஜே. செரியன் தலைமையில் அங்கே அகழத் தொடங்கியது. நீர் ஊறிய களிமண்ணுக்குள் செங்கல்லால் கட்டிய படகுத்துறை தெரிந்தது. கூடவே தேக்குக் கட்டுத்தறிகள். துறையை ஒட்டி, ஒரே மரத்தில் குடைந்த சுமார் 6 மீட்டர் நீளத் தோணி. காற்றுப் புகாத சேறுதான் அதை மட்காமல் காத்திருந்தது.

எப்போது செய்தது? யார் செய்தது?

முதலில் மரத்தைக் கேட்க வேண்டும். சேற்றில் கருத்துப்போன கட்டையை வெறுங்கண்ணால் பார்த்து இனம் சொல்ல முடியாது. மெல்லிய சீவலாக அறுத்து நுண்ணோக்கியில் வைத்து, நுண்துளைகளும் கதிர்களும் அமைந்திருக்கும் விதத்தைப் பெயர் தெரிந்த மரங்களோடு ஒப்பிடுவார்கள். இந்த வேலைக்கு மரமாதிரித் தொகுப்புகளே அடிப்படை. கோவையில் 1902 முதல் இருக்கும் காஸ் வன அருங்காட்சியகத்தின் கட்டைகளைப் பள்ளிப் பிள்ளைகள் வேடிக்கை பார்த்துக் கடந்துவிடுகிறார்கள். அவற்றின் அருமை இப்படிப்பட்ட நேரத்தில்தான் விளங்கும். பட்டணத்துத் தோணி அயனி மரம், மலையாளத்தில் ஆஞ்ஞிலி. மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈரமான மேற்குச் சரிவில் வளர்வது. கொங்கின் வறண்ட சமவெளி மரமன்று. ஆகவே தோணியை மேற்குச் சரிவுக்காரர் ஒருவரே செதுக்கியிருப்பார் என்று கொள்வதே பொருத்தம்.

காலத்துக்குக் கதிரியக்கக் கார்பன் கணக்கு உண்டு. ஆனால் அது சொல்வது மரத்தின் அந்த வளையம் வளர்ந்த காலத்தை, தோணி தண்ணீரில் இறங்கிய நாளை அல்ல. நூறு வயது மரத்தின் நடுவயிரத்தில் மாதிரி எடுத்தால் விடை நூறு ஆண்டு முன்னே போய்விடும். குடைதோணி செய்பவர் வெளிமரத்தைச் செதுக்கித் தள்ளிவிடுவதால் இந்தப் பிழைக்கு இடம் கூடுதல். பட்டணத்தில் கணக்கு ஏறத்தாழ கி.மு. முதல் நூற்றாண்டைக் காட்டியது. அதே துறைமுகத்தில் கிடைத்த ரோமானிய மதுச்சாடித் துண்டுகளும் அதற்கு அடுத்தடுத்த காலத்தையே சொல்கின்றன. இரண்டும் ஒத்துப்போவதால்தான் நம்பிக்கை வருகிறது.

நெதர்லாந்தில் 1955-இல் சாலை போடும்போது கிடைத்த பெஸ்ஸெ தோணி சுமார் 10,000 ஆண்டுப் பழையது. அது தோணியா, வெறும் தொட்டியா என்றே வாதம் நடந்தது. 2001-இல் அதேபோல் ஒன்று செய்து நீரில் விட்டு ஓட்டிப் பார்த்தார்கள். பட்டணத்தில் அந்தச் சந்தேகத்துக்கு இடமில்லை, துறையே பக்கத்தில் இருக்கிறது. எழுத்துச் சான்றும் உண்டு. ஒற்றை மரத் தோணிகளில் மிளகு துறைமுகம் வந்ததை ரோமானியரான பிளினி எழுதுகிறார். கப்பல் கொணர்ந்த பொன்னைக் கழித்தோணிகள் கரை சேர்த்ததைப் புறநானூற்றின் 343-ஆம் பாடலில் பரணர் சொல்கிறார்.

அந்தக் கரையிலிருந்து கிழக்கே, பாலக்காட்டுக் கணவாய் வழியாக வந்தால் கொங்கு. காங்கேயம் பக்கத்துப் படியூரில் பச்சைக்கல் எடுத்தார்கள். நொய்யல் கரைக் கொடுமணலில் கல்லைத் துளைத்து மணியாக்கினார்கள், இரும்பு உருக்கினார்கள். கோவையை ஒட்டிய வெள்ளலூரில் 1842-இல் 500-க்கும் மேற்பட்ட ரோமானிய வெள்ளிக்காசுகள் ஒரே புதையலாகக் கிடைத்தன. பட்டணத்து மண்ணிலும் பச்சைக்கல் மணிகள் இருக்கின்றன. கொங்கின் கல் கடலேறும் முன் இப்படியொரு தோணியில் கடைசிக் காதத்தைக் கடந்திருக்கும் என்று எண்ண இடமுண்டு.

கொடுமணல் பானை ஓடுகளில் கண்ணன் ஆதன், சம்பன் சுமணன் என்று தமிழிப் பெயர்கள் கீறியிருக்கின்றன. தோணித் தச்சர்கள் அப்படிப் பெயர் விட்டுச் செல்லவில்லை. அவர்களை அடையாளம் காணச் செய்முறையே வழி. வாச்சியும் உளியும் பதித்த தடம், பலகையைக் கயிற்றால் தைத்தார்களா ஆணி அடித்தார்களா என்பது, குடைவின் கனம். சேர்த்தலை அருகே கடக்கரப்பள்ளியில் 2002–03-இல் அகழ்ந்த, சுமார் ஆயிரம் ஆண்டுப் பழைய பெரிய மரக்கலத்தில் இரும்பு ஆணிகள் இருந்தன. பட்டணத்துக் குடைதோணியையும் அதையும் அருகருகே வைத்தால், ஒரே கடற்கரையில் தச்சு எவ்வளவு மாறியது என்பது தெரிகிறது.

இந்தத் தடங்கள் மரம் ஈரமாக இருக்கும்வரைதான் நிற்கும். நூற்றாண்டுகள் நீரில் கிடந்த கட்டை வெயில் பட்டதும் சுருங்கி வெடித்துவிடும். நொய்யல் பாசனக் குளங்களைத் தூர்வாரும்போது குடைந்த கருங்கட்டை ஏதும் தட்டுப்பட்டால் அதை இழுத்துக் கரையில் போடக் கூடாது. ஈர மண்ணாலேயே மூடிவிட்டு, தொல்லியல் துறைக்குச் சொல்லி அனுப்ப வேண்டும்.